கம்பத்தில் தொங்குவது

பதினொன்று இருபதுக்கு முதல் அழைப்பு.
மரிபோர், கோரோஷ்கா சாலை, பேருந்து நிறுத்தம்.
கம்பத்தில் யாரோ கம்பளிக் கோட்டை
மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்களாம்.
மே மாதத்தில் எதற்குக் கோட்டு என்று
கிட்டப் போய்ப் பார்த்தாராம்.
கோட்டு மூச்சு விட்டதாம்.

அடுத்தது ஒரு பெண்.
முதலில் "புகை" என்றாள்.
பிறகு "இல்லை, சத்தம்."
பிறகு ஜன்னல் சாத்தும் ஒலி.

மூன்றாமவன் குடித்திருந்தான்.
கம்பத்துக்குத் தாடி முளைத்திருக்கிறது,
வந்து மழித்துவிட்டுப் போங்கள்.

என் மேசையில் இரண்டு திரைகள், ஆறிய காப்பி,
சொல்ல வேண்டியவற்றை எழுதி ஒட்டிய தாள்:
தண்ணீர் அடிக்காதீர்கள். கல் எறியாதீர்கள்.
கொசு மருந்தைக் கீழே வையுங்கள்.
ஐயா, வையுங்கள்.
பத்து மீட்டர் தள்ளி நில்லுங்கள்.
அவற்றுக்கு இப்போது வீடு இல்லை,
காக்க ஒரு புழு இல்லை, ஒரு துளி சேமிப்பு இல்லை.
வயிற்றில் தேனைக் கட்டுச்சோறாய்க் கட்டிக்கொண்டு
பழைய ராணியோடு கிளம்பி
வழியில் இளைப்பாறுகின்றன.
வாசலே இல்லாதவருக்கு வாசற்காவல் எதற்கு?
(கடைசி வரி தாளில் இல்லை. நானாகச் சேர்த்தது.)

"அப்படியானால் கொட்டாதா?"
டாரின்கா, மழலையர் பள்ளி ஆசிரியை.
ஒரே கயிற்றைப் பிடித்தபடி பதினாறு பிள்ளைகள்.

கொட்டாது என்று சொல்ல எனக்கு வாய் வராது.
இந்த ஊர்ச் சாம்பல் தேனீ பரம சாது என்பார்கள்.
என் கைப்பையில், சாவிக்கும் சீப்புக்கும் நடுவே,
எப்போதும் ஓர் ஊசி இருக்கிறது.
ஒன்பது வருடத்துக்கு முன், பேரிக்காய்த் தோட்டத்தில்,
ஒரே ஒரு சாது.
நாக்கு தடித்து, வானம் சுருங்கி,
ஆம்புலன்சின் கூரை மட்டும் நினைவிருக்கிறது.

"பெரும்பாலும் கொட்டாது" என்றேன்.
அந்தப் பெரும்பாலுமின் மேல்
பதினாறு பேரை நிறுத்த முடியாது.
"எதிர்ப்பக்கம் போங்கள். ஓடாமல். கை வீசாமல்."
பின்னால் ஒரு குட்டிக் குரல்:
"டீச்சர், அதுல ஒண்ணு டான்ஸ் ஆடுது."

ஆடும்.
வீடு தேடிப் போனவள் திரும்பி வந்து
கூட்டத்தின் முதுகின் மேல் நடந்து, இடுப்பை உலுக்கி
எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்று சொல்வாள்.
இன்னொருத்தி வேறு வீடு சொல்வாள்.
நானும் நாளெல்லாம் முகவரி கேட்கிறவள்தான்.
எந்தத் தெரு, எந்தப் பக்கம், எத்தனையாவது மாடி.
இவ்வளவு சுத்தமாக
யாரும் சொன்னதில்லை.

ப்ரிமோஜ் கிளம்பிவிட்டார்,
வாழைப்பழப் பெட்டி, பழைய படுக்கை விரிப்பு,
ஓட்டை சைலன்சர் வண்டி.
ஒன்று ஐந்துக்கு அவரே கூப்பிட்டார்.
"ஒன்றுமில்லை இங்கே. பறந்துவிட்டன.
டீசல் காசு யார் தருவது?"
எந்தப் பக்கம் போயின என்றேன்.
"பிள்ளைகளைக் கேட்டேன்.
பதினாறு கை, பதினாறு திசை."

கோப்பை மூடினேன்.
மீட்கப்பட்டது, அணைக்கப்பட்டது, தவறான தகவல்
என்று மூன்று கட்டங்கள்.
தாமாக முடிவெடுத்துப் போய்விட்டன என்பதற்குக்
கட்டம் இல்லை.

வேலை முடிந்து நேரே அங்கேதான் போனேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்.
பத்து மீட்டர் தள்ளி நின்றேன்,
கை பைக்குள்ளே.
கம்பத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு வெள்ளை மெழுகு.
அதைச் சுற்றி நான்கைந்து தேனீக்கள்,
வெகுதூரம் போய் நல்ல பொந்தாகப் பார்த்துத்
தாமதமாகத் திரும்பியவை.
கையில் முகவரி இருக்கிறது,
சொல்ல ஆளில்லை.

ஒன்று வந்து என் சட்டைக் கையில் உட்கார்ந்தது.

மூச்சை நிறுத்தினேன்.
ஒன்பது வருடப் பழக்கம், வாய் தானாக அசைந்தது:
"சொல்லுங்கள், எங்கே இருக்கிறீர்கள்?"

ஆறாம் எண் பேருந்து வந்து கதவைத் திறந்தது.
ஓட்டுநர் என்னைப் பார்த்தார்.
வரவில்லை என்று
கண்ணால் மட்டும் சொன்னேன்.